கிட்டாரில் மனோதர்மம்: சோலோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடி அறையில் கிட்டார் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் பல வருடம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று ஏறாத மேடை குறைவு. மாணவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலை வாரத்துக்கு நான்கு முறை சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதியே வைத்துவிட்டேன். கார்டுகள் ஓரளவு பிடிக்கத் தெரிந்து, ஒரு ஸ்கேலாவது விரலுக்குப் பழகி, அதற்கு மேல் சோலோவுக்கு, அதாவது பாட்டின் நடுவே கிட்டார் மட்டும் முன்னால் வந்து மனோதர்மமாக (அந்த நேரக் கற்பனையில்) வாசிக்கும் பகுதிக்கு, எப்படிப் போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கானது இது. கிட்டாரையே இனிமேல்தான் வாங்கப் போகிறவர்கள் ஆறு மாதம் கழித்து வரலாம்.

ஸ்கேல் எல்லாம் தெரிகிறது. ஆனால் பேக்கிங் டிராக் (பின்னணி இசை மட்டும் உள்ள பதிவு) போட்டு வாசித்தால் ஸ்கேல் பயிற்சி மாதிரியேதான் கேட்கிறது. ஏன்?

நீங்கள் வாசிப்பது ஸ்கேல் பயிற்சியைத்தான், அதனால். விரல் எந்த வரிசையில் பழகியதோ அந்த வரிசையில்தான் ஓடும்: கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. இதில் காதுக்கு வேலையே இல்லை.

கச்சேரியில் கல்பனாஸ்வரம் கேட்டிருப்பீர்கள். பாடகர் பாட்டில் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறார். முதல் சுற்றில் நாலைந்து ஸ்வரம்தான். உடனே அந்த வரிக்குத் திரும்பிவிடுகிறார். வயலின்காரர் பதில் சொல்கிறார். அடுத்த சுற்று சற்று நீளம். அதற்கடுத்தது இன்னும் நீளம். ஆரோகண அவரோகணத்தை ஒப்பித்து யாரும் அங்கே கைதட்டல் வாங்கியதில்லை. எங்கே தொடங்கினார், எங்கே நிறுத்தினார், எடுப்புக்கு (அந்த வரி தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு) எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்குத்தான் தலையாட்டுகிறோம். கிட்டார் சோலோவும் அதே சமாசாரம்தான். ஊர் முழுக்க நடக்கிற இந்தப் பாடத்தைக் கவனிக்காமல், இணையத்தில் முந்நூறு ஸ்கேல் படங்களை இறக்கி வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்.

செய்ய வேண்டியது இது. கிட்டாரை மடியில் கவிழ்த்து வையுங்கள். டிராக் ஓடட்டும். 2 பார் (ஒரு பார் என்பது பொதுவாக நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று) வாயால் எதையாவது பாடுங்கள். அடுத்த 2 பாரில் பாடியதைக் கிட்டாரில் தேடி எடுங்கள். முதல் வாரம் பரிதாபமாக இருக்கும். பாடியது ஒன்று, விரல் போவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் நீங்கள் கற்க வேண்டிய பாடம்.

என் குரல் கேட்கிற மாதிரி இருக்காதே?

யாரும் டிக்கெட் வாங்கப் போவதில்லை. முனகினால் போதும்.

சோலோ வாசிக்க எத்தனை ஸ்கேல் தெரிந்திருக்க வேண்டும்?

முதல் ஒரு வருடத்துக்கு ஒன்று. ஏ மைனர் பென்டடோனிக் (ஐந்து ஸ்வர ஸ்கேல்) என்று எடுத்துக்கொள்வோம்: ஏ, சி, டி, இ, ஜி. கொஞ்சம் பாட்டுக் கற்றவர்களுக்கு இதை வேறு பெயரில் தெரியும். ச க ம ப நி. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி. மேஜர் பென்டடோனிக் என்கிறார்களே, அது மோகனத்தின் ஸ்வரங்கள்.

இங்கே சற்று நின்று ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கிட்டார் பாடங்களில் பென்டடோனிக்கை ஐந்து 'பெட்டி'களாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். கழுத்தின் ஐந்து இடங்களில் ஐந்து விரலமைப்புகள். மாணவர்கள் இவற்றை ஐந்து தனித்தனிப் புதிர்களாக மனப்பாடம் செய்து அவதிப்படுவார்கள். மோகனத்துக்குக் கிரக பேதம் செய்து பாருங்கள், அதாவது அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஆதார ஷட்ஜத்தை மட்டும் இடம் மாற்றுங்கள். ரிஷபத்தை ஆதாரமாக வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. அந்த நான்கும் மோகனமும் சேர்ந்து ஐந்து. ஒவ்வொரு பெட்டியும் இந்த ஐந்து ஸ்வரங்களில் ஒன்றிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம்: பெட்டி மாறுவதால் ராகம் மாறிவிடாது. பின்னால் ஏ மைனர் ஒலிக்கும்வரை நீங்கள் கழுத்தில் எங்கே போனாலும் உங்கள் ஆதார ஷட்ஜம் ஏ தான். ஐந்து இடத்திலும் அந்த ஏ எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் கழுத்து முழுவதும் ஒரே வீடாகிவிடும்.

மற்ற ஸ்கேல்கள் பிறகு தானாக வரும். டோரியன் என்றால் கரகரப்பிரியா, மிக்சோலிடியன் என்றால் ஹரிகாம்போஜி, ஹார்மோனிக் மைனர் என்றால் கீரவாணி என்று சொன்னால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடுகிறது. ஸ்வரத்தானம்தான் ஒன்று, ராக லட்சணம் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மயிலாப்பூரில் யாராவது காதைத் திருகுவார்கள். திருகுவதில் நியாயமும் இருக்கும்.

பென்டடோனிக்கில் எதை வாசித்தாலும் பொருந்துகிறது. ஆனால் உப்புச் சப்பில்லை. என்ன குறைகிறது?

கார்டுகளை நீங்கள் கேட்கவில்லை. தம்பூரா ஓடும்போது தரை ஒரே இடத்தில் நிற்கிறது. கார்டு மாறும் இசையில் ஒவ்வொரு பாருக்கும் தரை நகர்கிறது. வீணையோ வயலினோ நன்றாகக் கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வருபவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ராகம் சரியாக இருக்கும். கீழே தரை நகர்ந்தது மட்டும் தெரிந்திருக்காது.

எல்லோரும் வாசிக்கும் ஒரு சுற்றையே எடுத்துக்கொள்வோம்: ஏ மைனர், எஃப், சி, ஜி. ஒவ்வொரு கார்டின் குணத்தையும் சொல்வது அதன் மூன்றாவது ஸ்வரம், அதாவது காந்தாரம். ஏ மைனருக்கு சி. எஃப் கார்டுக்கு ஏ. சி கார்டுக்கு இ. ஜி கார்டுக்கு பி. இந்த நான்கும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது கம்பி ஐந்தாவது ஃபிரெட்டில் சி, நான்காவது கம்பி ஏழாவதில் ஏ, இரண்டாவது கம்பி ஐந்தாவதில் இ, மூன்றாவது கம்பி நான்காவதில் பி.

கார்டு மாறும் அதே நொடியில் அந்தந்த ஸ்வரத்தை மட்டும் ஒருமுறை மீட்டி, பார் முழுவதும் ஒலிக்க விடுங்கள். ஒரு பாருக்கு ஒரே ஸ்வரம். இதைக் கேட்டால் பக்கத்து அறையில் இருப்பவர் "கிட்டார் மட்டும் தனியாக வாசித்தாலும் பாட்டு புரிகிறதே" என்பார். கடைசி பி ஸ்வரம் உங்கள் பென்டடோனிக்கிலேயே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதுதான் இத்தனை நாளும் குறைந்த உப்பு. ஜி கார்டின் மேல் அதை நிறுத்தி, ஏ மைனர் திரும்பும்போது ஒரே ஒரு ஃபிரெட் மேலே தள்ளி சி ஸ்வரத்துக்கு வாருங்கள். இந்த ஒரு ஃபிரெட் நகர்வில் கிடைக்கும் நிம்மதி, இருபது ஸ்வரம் வேகமாக ஓடினாலும் கிடைக்காது.

நான்கு தூண்கள் நட்டாகிவிட்டது. இனி ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகும் வழியில் பென்டடோனிக்கில் எப்படி வேண்டுமானாலும் திரியுங்கள். சேர வேண்டிய இடம் தெரிந்தவன் எந்தச் சந்து வழியாகப் போனாலும் தொலைய மாட்டான்.

தாளம் தவறவில்லை. ஆனாலும் என் சோலோ எல்லாம் ஒரே மாதிரி நடக்கிறது. இதற்கு என்ன வழி?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. மிகக் குறைவாகவே கேட்கப்படுவதும் இதுதான். ஸ்வரத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் மாணவர்கள் தாளத்தை மெட்ரோனோமிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

4/4 அளவில் ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்காகப் பிரித்தால் 16 அட்சரம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் என்றால் இரண்டு பார். இப்போது கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) சொல்லுங்கள். தகதிமி என்று நான்கு முறை சொன்னால் 16 முடிந்துவிடும். ஆனால் அது எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டே நடக்கிறது. அதற்குப் பதிலாக தகிட, தகிட, தகிட, தகிட என்று நான்கு முறை சொல்லி, கடைசியில் ஒரு தகதிமி சேருங்கள். பன்னிரண்டும் நான்கும் பதினாறு. கால் நேராகத் தட்டிக்கொண்டிருக்க, வாய் மட்டும் மூன்று மூன்றாக விலகிப் போய், சரியாக அடுத்த பாரின் முதல் தட்டில் வந்து விழுகிறது. வாயில் பழகிய பிறகு ஒவ்வொரு 'த'வுக்கும் ஓர் அழுத்தம் கொடுத்து ஒரே ஸ்வரத்தில் கிட்டாரில் வாசியுங்கள். ஒரே ஸ்வரம்தான், ஆனாலும் சோலோ மாதிரி ஒலிக்கும்.

அடுத்தது கார்வை, அதாவது சொற்கட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி. நான்கு அட்சரத்துக்கு ஒரு சின்னச் சொற்கட்டு, பின் இரண்டு அட்சரம் மௌனம், மறுபடி அதே நான்கு, மறுபடி இரண்டு மௌனம், மூன்றாம் முறை அதே நான்கு. கூட்டிப் பாருங்கள்: 4, 2, 4, 2, 4. பதினாறுதான். மிருதங்கக்காரர்கள் தீர்மானம் (ஒரே சொற்கட்டை மும்முறை வாசித்து முடிப்பது) வைப்பது இந்தக் கணக்கில்தான். சோலோவின் கடைசிப் பாரில் இதை வைத்துச் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இறங்கினால், டிரம்ஸ் வாசிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். பாடகர் நிம்மதியாகத் தன் வரியைத் தொடங்குவார். மெல்லிசைக் குழுவில் எனக்குக் கிடைத்த மரியாதையில் பாதி இந்தக் கணக்கால் வந்தது. விரல் வேகத்தால் வந்தது சொற்பம்.

இன்னொன்று. எல்லா வாக்கியத்தையும் முதல் தட்டிலேயே தொடங்காதீர்கள். எத்தனையோ கீர்த்தனைகளுக்கு எடுப்பு சமத்தில் இருக்காது. அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித்தான் பாட்டு தொடங்கும். ஒரு வாரம் முழுவதும் இரண்டாவது தட்டுக்கு முன்னால் வாயையே திறப்பதில்லை என்று விரதம் இருந்து பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. வாசித்துக்கொண்டே போகிறேன்.

புல்லாங்குழல்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மூச்சு தீர்ந்தால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். கிட்டார்காரனுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. ஆகவே வாசிக்கும்போது மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வாசியுங்கள். மூச்சு முடிந்த இடத்தில் வாக்கியம் முடிந்தது. உள்ளே இழுக்கும்போது கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து மின்சார கிட்டார் சோலோவுக்கு இடம் பிடித்துக் கொடுத்த சார்லி கிறிஸ்டியனின் பதிவுகளைக் கேட்டால், ஒரு சாக்ஸபோன் பேசுவது போலவே இருக்கும். காரணம் இந்த மூச்சுதான்.

வேகத்தை எப்படிக் கூட்டுவது?

தெளிவாக வாசிக்க முடிகிற வேகத்தில் வாசியுங்கள், சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை. வேகம் இல்லையே என்று ஏங்குபவர்களுக்கு ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டை நினைவூட்டுவேன். 1928-இல் நடந்த தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிவிட, மீதி இரண்டு விரல்களை வைத்தே பெரும்பாலான சோலோக்களை வாசித்தவர். நம்மிடம் நான்கு இருக்கின்றன.

கம்பியை வளைத்து வாசித்தால் சுருதி சேரவில்லை. விரல் வலிமை போதாதா?

பெரும்பாலும் காது போதாது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாமல் கம்பியைத் தள்ளுகிறீர்கள். மூன்றாவது கம்பி ஏழாவது ஃபிரெட்டில் டி இருக்கிறது. அதை வளைத்து இ ஸ்வரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், முதலில் இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃபிரெட்டில் அந்த இ ஸ்வரத்தை மீட்டிக் கேளுங்கள். பாடுங்கள். பிறகு வளைத்து அதைத் தொடுங்கள். மோதிர விரலால் வளைக்கும்போது பின்னால் நடு விரலும் ஆள்காட்டி விரலும் முட்டுக்கொடுக்கட்டும். தள்ளுவது விரல் அல்ல, மணிக்கட்டின் திருப்பம். வைப்ரேட்டோ (ஸ்வரத்தை லேசாக ஆட்டுவது) அதற்கப்புறம். சேராத சுருதியை ஆட்டினால் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ப்ளூஸில் இன்னொரு நுட்பம் உண்டு. முதல் கம்பி எட்டாவது ஃபிரெட்டில் உள்ள சி ஸ்வரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் மேலே சுண்டுவார்கள்; சி ஷார்ப்பைத் தொடுவதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். அது சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. தோடியின் காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் காந்தாரம் என்றைக்கு ஓரிடத்தில் நின்றிருக்கிறது? இந்திய இசையும் ஜாஸும் கலந்த ஷக்தி குழுவில் ஜான் மெக்லாலின் தன் கிட்டாரின் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டதும் கம்பியைத் தாராளமாக அசைக்கத்தான். நம் ஊர் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சரிக்குச் சரி நிற்க வேண்டுமே!

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கூஸ்டிக்கில் 0.012 செட்டைப் போட்டுக்கொண்டு முழு ஸ்வரம் வளைக்க முடியவில்லை என்று அழ வேண்டாம். அதில் மூன்றாவது கம்பி பொதுவாகச் சுற்றுக்கம்பி, அது அசையாது. மின்சார கிட்டாரில் 0.009 அல்லது 0.010 போதும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்தே தீர வேண்டும். கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து வளையும்போது கரகரக்கும்.

பிறர் வாசித்த சோலோவை அப்படியே பார்த்து வாசிப்பது தவறா? என் கற்பனை கெட்டுவிடாதா?

கெடுவதற்கு முதலில் கற்பனை இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம்; எல்லோரும் இப்படித்தான் தொடங்கினோம். குரு பாடியதைத் திரும்பப் பாடாமல் எந்தப் பாடகரும் மனோதர்மத்துக்கு வந்ததில்லை.

ஆனால் டேப் தாளை (எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று எண்ணால் எழுதிய தாளை) பார்த்து வாசிக்காதீர்கள். பிடித்த சோலோவில் இரண்டே பார் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வேகத்தில் ஓட விடுங்கள். பாடத் தெரியும்வரை கேளுங்கள். பிறகுதான் கிட்டார். அந்த இரண்டு பாரை வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள்: தாளத்தை அப்படியே வைத்து ஸ்வரத்தை மாற்றுங்கள், ஸ்வரத்தை வைத்துத் தாளத்தை மாற்றுங்கள், பின்பாதியிலிருந்து தொடங்குங்கள், வேறு கார்டின் மேல் பொருத்துங்கள். நிரவல் செய்வது வேறென்ன? ஒரே சாகித்திய வரியை அரைமணி நேரம் புரட்டிப் புரட்டிப் பாடுகிறார்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது.

ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வாங்குங்கள், அல்லது மின்சார கிட்டாரை ஆம்ப்பில் செருகாமலேயே வாசியுங்கள். அரைமணி நேரம் போதும். அதில் ஐந்து நிமிடமாவது கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கேளுங்கள். உடனே கேட்காதீர்கள்; வாசித்த சூட்டில் எல்லாமே அமிர்தமாக இருக்கும். மறுநாள் கிண்டியைத் தாண்டுவதற்குள் உண்மை தெரிந்துவிடும்.

மற்றவர்களோடு வாசித்துப் பழக என்ன வழி?

கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம்) வைத்திருக்கும் ஒரு நண்பர் போதும். தேவாலயப் பாடகர் குழு நல்ல பள்ளிக்கூடம். அங்கே கார்டு மாறுவதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், காதால் பிடிக்க வேண்டும். கல்லூரியில் இருப்பவர்கள் ஐஐடியின் சாரங் போன்ற விழாப் போட்டிகளுக்கு ஒரு குழுவாகத் தயாராகலாம். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, ஒத்திகை கிடைக்கும்.

கேட்பதற்கு மார்கழி இருக்கிறது. பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. கேன்டீன் வரிசையைச் சற்று ஒத்திவைத்து, ஸ்வரம் பாடும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதிக்கு) எழுந்து போகும் கூட்டத்தோடு நீங்களும் போனால், என் வகுப்புக்குத் திரும்பி வர வேண்டாம்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் இசைத் தேர்வு எழுதினால் இது வருமா?

ராக் அண்ட் பாப் தேர்வில் இம்ப்ரொவைஸ் செய்வது ஒரு விருப்பப் பகுதி. ஒரு கெடு வைத்துக்கொண்டு உழைக்க உதவும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவது அம்மாவின் விருப்பம்.

மேடையில் தவறான ஸ்வரம் வந்துவிட்டால்?

முதலில் முகத்தைச் சுளிக்காதீர்கள். பாதிப் பேருக்கு உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தவறே தெரியவரும். பெரும்பாலும் சரியான ஸ்வரம் ஒரு ஃபிரெட் பக்கத்தில்தான் இருக்கும். சறுக்கி அங்கே போய்விடுங்கள்.

வடபழனியில் ஒரு கல்யாண வரவேற்பில் நான் சோலோவை ஒரு ஃபிரெட் தள்ளித் தொடங்கிவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் கழுத்தின் புள்ளி தெரியவில்லை. மூன்றாவது ஸ்வரத்தில்தான் புரிந்தது. நிறுத்தவும் முடியாது. அதே மூன்று ஸ்வரத்தை ஒரு ஃபிரெட் இறக்கி, சரியான இடத்தில் மறுபடி வாசித்தேன். கேட்டவர்களுக்கு வேண்டுமென்றே செய்த கேள்வியும் பதிலுமாகத் தோன்றியிருக்க வேண்டும். கீபோர்டு வாசித்த அண்ணன் அடுத்த சுற்றில் அதே தவறை எடுத்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நிகழ்ச்சியில் "அன்றைக்கு வாசித்தாயே, அதைப் போடு" என்று அவரே கேட்டார். எவ்வளவு முயன்றும் அது சரியாக வரவில்லை.

இன்று இரவே தொடங்க ஒரு பயிற்சி மட்டும் சொல்லுங்கள்.

ஏ மைனர் டிராக் ஒன்று போடுங்கள், நிமிடத்துக்கு 70 எண்ணிக்கை வேகத்தில். ஏ, சி, டி என்று மூன்றே ஸ்வரம். 2 பார் பாடுங்கள், 2 பார் வாசியுங்கள். பத்து நிமிடம். பதிவு செய்துகொண்டு வகுப்புக்கு வாருங்கள். நான்காவது ஸ்வரத்தை நான் சொல்கிறேன்.